கட்டளை வரியில் ஈமாக்ஸ் பாணியா, வி.ஐ. பாணியா? முதலில் ஆல்ட் கீயைக் கேளுங்கள்

ஐ3 விண்டோ மேனேஜரை (லினக்ஸ் திரையில் விண்டோக்களை அடுக்கும் நிரல்) முதல்முறை திறக்கும்போது அது ஒரு சின்னக் கேள்வி கேட்கும்: முதன்மை கீயாக விண்டோஸ் கீ வேண்டுமா, ஆல்ட் வேண்டுமா? நான் அந்தப் பெட்டியைப் படிக்காமலேயே எஸ்கேப் அடித்துத் தள்ளிவிட்டேன். எஸ்கேப் அடித்தால் ஆல்ட் என்று அர்த்தமாம்.

பத்து நிமிடம் கழித்து டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தால் அடிக்கும் விண்டோவில், ஒரு நீளமான கட்டளை. நடுவில் ஒரு ஃபோல்டர் பெயர் தப்பு. ஒரு சொல் முன்னால் தாவுவதற்கு, பழக்கத்தில் ஆல்ட்-எஃப் அழுத்தினேன். கர்சர் அசையவில்லை, டெர்மினல் திரை முழுக்க விரிந்தது. சரி, சொல்லையே அழித்துவிடலாம் என்று ஆல்ட்-டி. மேலே டிமெனு பட்டை வந்து, எந்த நிரலைத் திறக்கட்டும் என்று காத்து நின்றது. அதை மூடிவிட்டு, வரியைப் பழையபடி ஆக்க ஆல்ட்-ஆர் அடித்தால், விண்டோவின் அகல உயரத்தை மாற்றும் மோடுக்குள் போய் விழுந்தேன். மூன்று கீ, மூன்று விபத்து. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

ஈமாக்ஸும் வி.ஐ.யும் பழைய எடிட்டர்கள். ஈமாக்ஸ் பாணியில் கட்டளைகள் கண்ட்ரோல், ஆல்ட் கீகளோடு சேர்ந்து வரும்; வி.ஐ. பாணியில் எஸ்கேப் அடித்துக் கட்டளை மோடுக்குப் போனால் வெறும் எழுத்துகளே கட்டளையாகும். ஈமாக்ஸா, வி.ஐ.யா என்ற சண்டையை எல்லோரும் எடிட்டர் பக்கம் நின்றே போடுகிறார்கள். கட்டளை வரியில் கணக்கு வேறு. நீங்கள் அழுத்தும் கீ ஷெல்லுக்குள் நுழையுமுன் விண்டோ மேனேஜரைத் தாண்ட வேண்டும், பிறகு டெர்மினலை, அதற்குள் ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்டும் டிமக்ஸோ ஸ்கிரீனோ ஓடினால் அதையும். வழிநெடுகச் சுங்கச்சாவடிகள், ஒவ்வொன்றும் சில கீகளை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். எடுத்தது போக உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் பாணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதுவதற்கு நான் வி.ஐ.யின் வாரிசான விம் பயன்படுத்துகிறவன். ஆனாலும் கட்டளை வரியில் ஈமாக்ஸ் பாணியைத்தான் வைத்திருக்கிறேன். அதற்கான காரணங்களும், அது சரிப்படாத இடங்களும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் டி என்ற ஒரே ஒலியில் வந்து மோதும். கீயின் பெயராக வருமிடத்தில் டெலீட் என்பதன் முதலெழுத்தை டி என்றும், டீ-ஷர்ட்டின் முதலெழுத்தை டீ என்றும் எழுதுகிறேன். கீயின் பெயராகப் பி என்று வருமிடமெல்லாம் பேக் என்பதன் முதலெழுத்து.

இரண்டு பாணிகளும் எங்கிருந்து வந்தன

இரண்டும் 1976-ஐ ஒட்டிப் பிறந்தவை. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் டெக்கோ எடிட்டரின் மேக்ரோக்களாக ஈமாக்ஸ் தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். பெர்க்லியில் பில் ஜாய் வி.ஐ.யை எழுதினார். அவர் முன்னால் இருந்தது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏ.டி.எம்-3ஏ டெர்மினல். அதில் ஹெச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்று டேப் கீ இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. மூலையில் கையை நீட்டி எஸ்கேப்பைத் தேடும் இன்றைய தொல்லை வி.ஐ.யின் குற்றமல்ல, நம் கீபோர்டின் குற்றம். ஈமாக்ஸுக்கும் இதே கதைதான்: பழைய லிஸ்ப் எந்திரங்களின் கீபோர்டில் கண்ட்ரோல் ஸ்பேஸ்பாருக்கு ஒட்டியே இருந்தது, பெருவிரலுக்கு எட்டும் தூரத்தில். அதைக் கீழ் மூலைக்குத் தள்ளியபின் சுண்டுவிரல் சுமக்கிறது.

இரண்டையும் கட்டளை வரிக்குக் கொண்டுவந்தது கார்ன் ஷெல். டேவிட் கார்ன் பெல் ஆய்வகத்தில் எழுதிய அந்த ஷெல்லில் வி.ஐ. பாணியைப் பேட் சல்லிவனும் ஈமாக்ஸ் பாணியை மைக் வீச்சும் சேர்த்தார்கள். பிறகு க்னூ தரப்பில் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய ரீட்லைன் என்ற வரித்திருத்த நூலகம் வந்தது. இன்று அதைப் பராமரிப்பவர் செட் ரேமி. லினக்ஸில் பரவலாக உள்ள பாஷ் ஷெல் மட்டுமல்ல, ஜி.டி.பி. டீபக்கரும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பி.எஸ்.கியூ.எல்.லும் கட்டளை வாங்குவது பெரும்பாலும் இந்த நூலகத்தின் வழியாகத்தான். ஆகவே வீட்டு ஃபோல்டரில் இன்புட்ஆர்சி என்ற ஒரு கோப்பில் நீங்கள் எழுதும் ஒரு வரி, ஒரே சமயத்தில் பத்து நிரல்களின் நடத்தையை மாற்றும்.

யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரநிலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஷெல்லின் வரித்திருத்தத்துக்கு அது வி.ஐ. பாணியை மட்டுமே விவரிக்கிறது. ஈமாக்ஸ் பாணியும் ஆரம்ப வரைவுகளில் இருந்தது. ஈமாக்ஸ் அன்பர்கள்தான் வேண்டாம் என்றார்கள்: தரநிலை என்று ஒன்று வந்துவிட்டால், நிறுவனங்கள் விரிவாக்க வசதியெல்லாம் இல்லாத மொட்டை ஈமாக்ஸைத் தலையில் கட்டிவிடும் என்று பயந்தார்கள். இப்போது பாருங்கள்: சட்டப்புத்தகத்தில் இருப்பது வி.ஐ., ஊரெல்லாம் ஓடுவது ஈமாக்ஸ். பாஷைத் திறந்தால் இயல்பாகக் கிடைப்பது ஈமாக்ஸ் பாணிதான்.

விண்டோ மேனேஜரின் சொந்தக் கன்சோல்கள்

விண்டோ மேனேஜர்கள் பலவற்றுக்கு உள்ளேயே ஒரு கட்டளை வரி உண்டு. 1993-இல் ராபர்ட் நேஷன் தொடங்கிய எஃப்.வி.டபிள்யூ.எம்.-க்கு எஃப்விடபிள்யூஎம்-கன்சோல் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. திறந்தால் ஒரு டெர்மினல் வரும். அதில் எழுதும் கட்டளை உடனே விண்டோ மேனேஜருக்குள் ஓடும். கான்ஃபிக் கோப்பைத் திருத்தி, மறுபடி ஏற்றி, பிழை பார்த்து அலைவதை இது மிச்சப்படுத்துகிறது. ஓரத்தின் தடிமனை மாற்றிப் பார், பிடிக்கவில்லையா, மேல் அம்பை அழுத்து, எண்ணைத் திருத்து, என்டர். இப்படி ஒரே கட்டளையை இருபது முறை சிறு சிறு மாற்றங்களோடு ஓட்டுகிற இடத்தில்தான் வரித்திருத்தத்தின் அருமை தெரியும்.

இந்தக் கன்சோலை ரீட்லைனோடு சேர்த்துத் தொகுத்திருந்தால்தான் திருத்தம் கிடைக்கும். சேர்க்காமல் தொகுத்திருந்தால் இடது அம்பை அழுத்தும்போது கர்சர் நகராது, வரியில் குப்பை எழுத்துகள் விழும். டெபியனில் டாஷ் ஷெல்லை நேரடியாகத் திறந்து மேல் அம்பை அடித்தவர்களுக்கு அந்தக் குப்பை அறிமுகமானதுதான். ரீட்லைன் இருந்தால், கையேட்டில் பட்டியலிட்டிருக்கும் இயல்பான கீகள் எல்லாம் ஈமாக்ஸ் பாணி: கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கம், கண்ட்ரோல்-இ முடிவு, கண்ட்ரோல்-கே கர்சரிலிருந்து கடைசிவரை வெட்டு, கண்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளில் தேடல்.

மற்றவர்களும் இதே ஊர்க்காரர்கள். ராட்பாய்சனின் உள்ளீட்டு வரி ஈமாக்ஸ் பாணி. அதன் வாரிசாக காமன் லிஸ்பில் எழுதப்பட்ட ஸ்டம்ப்டபிள்யூஎம்மும் அப்படியே. ஆசம் விண்டோ மேனேஜரில் சூப்பர்-எக்ஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் கீதான்) அழுத்தினால் லுவா மொழியில் நேரடியாகக் கட்டளை எழுத ஒரு வரி வரும். அங்கேயும் கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-இ. டிமெனுவிலும் அவையே. மாற்று வழி தருபவர்கள் குறைவு. எக்ஸ்மொனாட் தன் பிராம்ப்டுக்கு ஈமாக்ஸ் வரைபடம், விம் வரைபடம் இரண்டையும் வைத்திருக்கிறது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். டிமக்ஸ் தன் கட்டளை வரிக்கு ஸ்டேட்டஸ்-கீஸ் என்ற அமைப்பில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகிறது.

ஷெல்லில் வி.ஐ. பாணியைப் போட்டுக்கொண்டால் அதோடு வேலை முடிந்துவிடாது என்பது இதிலிருந்து தெரியும். டிமெனுவுக்கு வந்ததும், ஆசமின் லுவா வரிக்கு வந்ததும், விரல் ஈமாக்ஸுக்கு மாற வேண்டும். மேக் கணினிக்குப் போனால் அங்கே பிரவுசரின் எழுத்துப் பெட்டியில்கூடக் கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-இ, கண்ட்ரோல்-கே வேலை செய்கின்றன. ஈமாக்ஸ் எடிட்டரை ஒருநாளும் திறக்காதவர்கள்கூட அதன் கீகளை நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

யார் எந்தக் கீயை எடுத்துக்கொள்கிறார்கள்

ஈமாக்ஸ் பாணிக்கு எதிரான வலுவான வாதம் இங்கேதான். அதன் கீகள் எல்லாம் கண்ட்ரோலோடும் ஆல்ட்டோடும் பிணைந்தவை. மற்ற எல்லா நிரல்களும் குறிவைப்பதும் அந்த இரண்டையேதான்.

க்னூ ஸ்கிரீன் தன் முன்னொட்டாகக் கண்ட்ரோல்-ஏ-வை எடுத்துக்கொண்டது. வரியின் தொடக்கத்துக்குப் போகும் கீ போயிற்று. அதைத் திரும்பப் பெறக் கண்ட்ரோல்-ஏ அழுத்தி மறுபடி ஒரு ஏ அழுத்த வேண்டும். டிமக்ஸ் கண்ட்ரோல்-பியை எடுத்தது. அது ஓர் எழுத்து பின்னால் போகும் கீ. இடது அம்பு இருப்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ராட்பாய்சனும் ஸ்டம்ப்டபிள்யூஎம்மும் கண்ட்ரோல்-டீயை எடுத்தன. அது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை இடம் மாற்றும் கீ. பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நால்வரில் மிக மரியாதையான திருடர்கள் இவர்கள்தான். ஐ3-இல் ஆல்ட்டை முதன்மை கீயாக வைத்தால் அது திருட்டில்லை, கொள்ளை. சொல் முன்னால் தாவல், சொல் அழித்தல், வரியை மீட்டல் என்று நான் முதலில் சொன்ன மூன்றும் ஒரே மூச்சில் போய்விடும்.

டெர்மினல் தானும் ஒன்றைப் பறிக்கிறது. கண்ட்ரோல்-ஆர் அழுத்திப் பழைய கட்டளைகளில் பின்னோக்கித் தேடும்போது ஒன்றைத் தாண்டிப் போய்விட்டால், முன்னோக்கி வரக் கண்ட்ரோல்-எஸ். அழுத்தினால் டெர்மினல் உறைந்துவிடும். பழைய தொலைதட்டச்சுக் காலத்து ஓட்டக் கட்டுப்பாடு அது. கண்ட்ரோல்-கியூ அடித்தால் உயிர் வரும். எஸ்டிடிஒய் கட்டளைக்குக் கழித்தல் குறியோடு ஐஎக்ஸ்ஆன் என்று கொடுத்து, பாஷ்ஆர்சி கோப்பில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும். தெரியாமல் டெர்மினலையே மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

வி.ஐ. பாணியில் இந்தப் பிரச்சினையே எழாது. டபிள்யூ, பி, எக்ஸ், சி என்று வெறும் எழுத்துகளை எந்த விண்டோ மேனேஜரும் பறிக்க முடியாது. பறித்தால் யாரும் எதையும் எழுத முடியாது. ஒரே ஒரு கீயை மட்டும் நம்பியிருக்கிறது: எஸ்கேப். ஆனால் அந்த ஒன்றில்தான் ஆபத்தும். டெர்மினலில் ஆல்ட் என்பது தனிக் கீ அல்ல. ஆல்ட்-கே அழுத்தினால் டெர்மினல் அனுப்புவது எஸ்கேப்பும் கேயும். நீங்கள் எஸ்கேப் அழுத்தி உடனே கே அழுத்தினாலும் போவது அதே இரண்டுதான். எது எதுவென்று பிரித்தறிய ரீட்லைன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கும். இயல்பான காத்திருப்பு 500 மில்லி விநாடி. இசட்ஷெல் என்ற இன்னொரு ஷெல்லில் 400. டிமக்ஸின் பழைய பதிப்புகள் தம் பங்குக்கு இன்னொரு 500 மில்லி விநாடி காத்திருந்தன. எஸ்கேப் அழுத்திவிட்டு அரை விநாடி சும்மா இருப்பதென்பது, எழுதும் வேகத்தில் ரயில்வே கேட்டில் நிற்பது மாதிரி. வி.ஐ. பாணிக்கு மாறுகிறவர்கள் முதல் வேலையாக இந்த எண்களைக் குறைத்துவிட வேண்டும். 20, 30 மில்லி விநாடி என்று வைத்தால் உள்ளூரில் போதும். மெதுவான இணைப்பில் தொலைவிலுள்ள சர்வருக்குள் இருக்கும்போது அம்புக் கீகள் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் அளவுக்குக் குறைத்துவிடாதீர்கள்.

ஒரே வரி, இரண்டு பாணி

வி.ஐ. அன்பர்கள் எப்போதும் கீ எண்ணிக்கையைச் சொல்வார்கள். எண்ணியே பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். ஸ்வே விண்டோ மேனேஜரில் பயர்பாக்ஸ் விண்டோவை மூன்றாம் ஒர்க்ஸ்பேசுக்கு நகர்த்தும் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்வேஎம்எஸ்ஜி என்று தொடங்கி, சதுர அடைப்புக்குள் ஆப்-ஐடி சமம் இரட்டை மேற்கோளில் பயர்பாக்ஸ், பிறகு மூவ் கன்டெய்னர் டு ஒர்க்ஸ்பேஸ் 3. முழுதும் ஒற்றை மேற்கோளுக்குள். கர்சர் கடைசியில் நிற்கிறது. பயர்பாக்ஸை எடுத்துவிட்டு வேறு நிரலின் பெயரைப் போட வேண்டும்.

ஈமாக்ஸ் பாணியில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டே பி ஆறு முறை. 3, ஒர்க்ஸ்பேஸ், டு, கன்டெய்னர், மூவ், பயர்பாக்ஸ் என்று வந்து நிற்கும். பிறகு ஆல்ட்-டி ஒரு முறை. மொத்தம் 7. வி.ஐ.யில் நேர்வழி: எஸ்கேப், சைபர், எஃப், மேற்கோள்குறி, எல், சி, டீ, மேற்கோள்குறி. மொத்தம் 8. கெட்டிக்கார வழியும் உண்டு: எஸ்கேப், 2, பெரிய எஃப், சின்ன எஃப், சி, டபிள்யூ என்று 6-இல் முடித்துவிடலாம். பயர்பாக்ஸின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் எஃப் இரண்டு முறை வருகிறது, அதற்குப் பின்னால் வரியில் வேறெங்கும் எஃப் இல்லை என்பதை அந்த ஒரு விநாடியில் கவனித்தால். நான் கவனிப்பதில்லை.

விம்மில் இதே வேலைக்கு, வரியின் தொடக்கத்துக்குப் போனபின், மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று என்று மூன்று கீ போதும். அந்த வசதி ரீட்லைனின் வி.ஐ. பாணியில் கிடையாது. எழுத்துகளைத் திரையில் குறித்துத் தேர்ந்தெடுக்கும் காட்சித் தேர்வும் கிடையாது. விம்மில் பத்து வருடம் ஊறியவர்களுக்குக் கட்டளை வரியின் வி.ஐ. ஏமாற்றமளிப்பது இதனால்தான். பெயர் ஒன்றாக இருக்கிறது, உள்ளே பழைய பில் ஜாய் காலத்து வி.ஐ. இசட்ஷெல்லில் கொஞ்சம் அமைத்துக்கொண்டால் மேற்கோளுக்குள் மாற்றும் வசதியும் காட்சித் தேர்வும் கிடைக்கும். வி.ஐ. பாணிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், பாஷைவிட இசட்ஷெல்லில் அதற்கு மதிப்பு அதிகம்.

வி.ஐ. பாணி மறுப்பின்றி வெல்லும் இடம் ஒன்று உண்டு: திரும்பச் செய்தல். ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, வேறோர் இடத்துக்குப் போய்ப் புள்ளியை அழுத்தினால் அதே மாற்றம் மறுபடி நடக்கும். ஈமாக்ஸ் பாணியில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. ஈமாக்ஸ் பாணி பதிலுக்கு வைப்பது ஆல்ட்-புள்ளி: முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை இங்கே கொண்டுவந்து போடும், மறுபடி அழுத்தினால் அதற்கும் முந்தையது. ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிட்டு அடுத்த வரியிலேயே அதற்குள் போக நினைக்கும் ஒவ்வொரு முறையும் இது கை கொடுக்கும். வி.ஐ.யிலும் கட்டளை மோடில் அடிக்கோட்டுக் கீ இதையே செய்யும், ஆனால் எஸ்கேப் அடித்துவிட்டுத்தான். என் தினசரி வேலையில் புள்ளியைவிட ஆல்ட்-புள்ளிதான் அதிகம் உழைக்கிறது.

நீளமான வரிகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: வரியை எடிட்டரில் திறந்துவிடுங்கள். பாஷின் ஈமாக்ஸ் பாணியில் கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்திக் கண்ட்ரோல்-இ; வி.ஐ. பாணியில் எஸ்கேப் அழுத்தி வி. எடிட்டர் என்ற மாறியில் விம் என்று இருந்தால் முழு விம் திறக்கும், காட்சித் தேர்வு, மேற்கோள் மாற்றம் எல்லாவற்றோடும். சேமித்து வெளியே வந்தால் கட்டளை ஓடும். இந்தக் கதவு திறந்திருப்பதால்தான், விம்காரனான நான் சிறு வரிகளுக்கு வி.ஐ. பாணி தேவையில்லை என்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: வெளியே வந்ததும் கேள்வி கேட்காமல் ஓடிவிடும். மனம் மாறினால் வரியை முழுதும் அழித்துவிட்டு, வெற்றுக் கோப்பைச் சேமித்து வெளியே வாருங்கள்.

கலப்புப் பாணி

இன்புட்ஆர்சி கோப்பில் வி.ஐ. பாணியை வைத்துக்கொண்டு, எழுதும் மோடில் மட்டும் கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-இ, கண்ட்ரோல்-எல் போன்றவற்றைச் சேர்க்கலாம். இவை இயல்பாக அங்கே கிடையாது. திரையைத் துடைக்கும் கண்ட்ரோல்-எல்கூட வேலை செய்யாமல் திகைத்தவர்கள் பலர். சிலர் எஸ்கேப்புக்குப் பதிலாக ஜேயும் கேயும் அடுத்தடுத்து அழுத்துவதை வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு இது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். உங்கள் மடிக்கணினியில் சுகமாக இருக்கும். அந்தக் கோப்பு இல்லாத சர்வருக்குள் நுழைந்ததும், எந்தக் கீ பாஷ் தந்தது, எது நீங்களே சேர்த்தது என்று விரலுக்குத் தெரியாது. தூய வி.ஐ.காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. செட், கழித்தல் ஓ, வி.ஐ. என்று ஒரு வரி அடித்தால் எந்த பாஷும் எந்தக் கார்ன் ஷெல்லும் வழிக்கு வந்துவிடும். கலப்புப் பாணி வைத்தே தீருவேன் என்றால், எந்த மோடில் இருக்கிறோம் என்று பிராம்ப்டில் காட்டும் அமைப்பையாவது இயக்கிக்கொள்ளுங்கள்.

இசட்ஷெல்காரர்களுக்கு ஒரு பொறி. எடிட்டர் அல்லது விஷுவல் மாறியில் வி.ஐ. என்ற இரண்டெழுத்து எங்காவது இருந்தால் இசட்ஷெல் தானாகவே வி.ஐ. பாணிக்குப் போய்விடும். டிமக்ஸும் அப்படித்தான். கிட் நிரலுக்காக எடிட்டரை விம் என்று வைத்தேன். மறுநாள் கண்ட்ரோல்-ஏ ஏன் செத்துப்போனது என்று அரை நாள் தேடினேன். இசட்ஷெல்லில் பைண்ட்கீ கட்டளைக்குக் கழித்தல் இ கொடுத்து வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

பைத்தான் 3.13-இல் வந்த புதிய ஊடாடு வரி ரீட்லைனைப் பயன்படுத்துவதில்லை; வி.ஐ. பாணி அங்கே இல்லை. பழையபடி வேண்டுமானால் சூழல் மாறி ஒன்றை வைத்துப் பழைய வரிக்குத் திரும்பலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

இந்த ஒப்பீட்டை வேறு மொழிக்காரர்கள் எழுதினால் வராத ஒரு பகுதி. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை வழியாகத் தமிழ்99 லேஅவுட்டைப் போட்டுக்கொண்டு, தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்றை டெர்மினலில் கையாளுகிறீர்கள். வி.ஐ. பாணியில் எஸ்கேப் அழுத்திக் கட்டளை மோடுக்குப் போய் ஹெச், ஜே, கே, எல் அழுத்துங்கள். தமிழ்99-இல் அந்த நான்கு கீகளும் க, ப, ம, த. ரீட்லைனுக்குக் ககரம் என்ற கட்டளை தெரியாது. கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, நகர்ந்து, தமிழுக்குத் திரும்பி எழுத வேண்டும். ஜேயும் கேயும் சேர்த்து எஸ்கேப் வைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

ஈமாக்ஸ் பாணியில் கண்ட்ரோலோடு வரும் கீயை உள்ளீட்டு முறை பொதுவாகத் தொடாமல் விட்டுவிடும். தமிழில் எழுதிக்கொண்டே கண்ட்ரோல்-ஏ அழுத்தினால் தொடக்கத்துக்குப் போகிறது. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும் என்பேன். (டெர்மினல் கட்டம் கட்டமாக எண்ணுவதால், உயிர்மெய் எழுத்துகள் நிறைந்த வரியில் கர்சர் ஓர் இடம் தள்ளியே தெரியும். அதற்கு இரண்டு பாணியிலும் வைத்தியம் இல்லை. கோப்புப் பெயரை டேப் அடித்து நிரப்பிக்கொள்வதே மேல்.)

ஐபஸ் இல்லாமல் எக்ஸ்கேபி என்ற கீபோர்டு அமைப்பின் வழியாகவே தமிழ் லேஅவுட் வைத்திருந்தால் விண்டோ மேனேஜரின் குறுக்குவழிகளும் சிக்கலாகும். ஹெச் என்று எழுதிவைத்த குறுக்குவழிக்கு ககரம் வந்து நிற்கும். ஸ்வேயில் பைண்ட்சிம் வரிகளோடு டு-கோட் என்ற தெரிவைச் சேர்த்தால், முதல் லேஅவுட்டின் கீ எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளும். ஐ3-இல் பைண்ட்கோட் என்று எண்ணையே நேரடியாக எழுதலாம்.

முடிவெடுக்க

முதலில் விண்டோ மேனேஜரின் முதன்மை கீயை விண்டோஸ் கீக்கு மாற்றுங்கள். ஸ்வேயின் இயல்பே அதுதான். ஷெல்லில் விண்டோஸ் கீக்கு எந்த வேலையும் இல்லை, ஆகவே எந்த மோதலும் இல்லை. பிறகு கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக்குங்கள். எக்ஸ்கேபியில் ஒரு தெரிவுதான். இந்த இரண்டையும் செய்துவிட்டால் ஈமாக்ஸ் பாணி மீதான புகார்களில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஸ்கிரீன் பயன்படுத்துகிறவர்கள் முன்னொட்டையும் மாற்றியாக வேண்டும், கண்ட்ரோல்-ஏ-வை விட்டுக்கொடுத்துவிட்டு ஈமாக்ஸ் பாணியில் வாழ முடியாது.

விண்டோஸ் கீ இல்லாத பழைய கீபோர்டா? ஆல்ட்டை விண்டோ மேனேஜருக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? அப்படியானால் வி.ஐ. பாணிக்குப் போய்விடுங்கள், கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக்குங்கள், காத்திருப்பு நேரத்தைக் குறையுங்கள். சுண்டுவிரலிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். கண்ட்ரோலைப் பிடித்தபடி இன்னொரு கீயைத் தேடும் வேலை அவர்களுக்கு வேண்டாம். பழைய வணிக யூனிக்ஸ் எந்திரங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் அப்படியே, அங்கே வி.ஐ. பழகியிருப்பதுதான் சோறு போடும். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக எஃப்விடபிள்யூஎம்-கன்சோல், ஆசமின் லுவா வரி, டிமெனு என்று விண்டோ மேனேஜரின் உள்வரிகளில் நாளெல்லாம் புழங்குகிறவர்களுக்கு, ஈமாக்ஸ் பாணி.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. கிளவுட் சர்வர்களைப் பிரவுசருக்குள்ளேயே ஒரு டேபில் கன்சோலாகத் திறக்கும் வசதி உண்டு அல்லவா? அங்கே ஒரு சொல்லை அழிக்கப் பழக்கத்தில் கண்ட்ரோல்-டபிள்யூ அழுத்தினால் லினக்ஸில் டேபே மூடிக்கொள்ளும். நடந்துகொண்டிருந்த ஒரு டேட்டாபேஸ் மாற்றத்தை நடுவில் பார்க்க முடியாமல் இப்படி ஒரு முறை தொலைத்தேன். விண்டோ மேனேஜரை எப்படி அமைத்தும் பயனில்லை, இந்தச் சுங்கச்சாவடி பிரவுசருடையது. அதனால் அந்த மாதிரிக் கன்சோலில் நுழைந்ததும் நான் அடிக்கும் முதல் வரி செட், கழித்தல் ஓ, வி.ஐ. அதற்கு அடுத்தபடியாக, இடதுகைச் சுண்டுவிரலைக் கண்ட்ரோல் மேலிருந்து எடுத்துவிடுகிறேன்.